செதிலுக்கு அடியில்

எலுமிச்சைத் தோட்டக்காரர் யாரும் செதில் பூச்சியைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டதில்லை. கரியைப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுவார்கள். புளியங்குடி கமிஷன் கடையில் மூட்டையை அவிழ்த்துக் கொட்டும்போது, மஞ்சள் காய்களுக்கு நடுவே கறுப்புப் படிந்த காய்கள் தலைகாட்டினால் ஏலம் கேட்கிறவரின் குரல் சட்டென்று இறங்கிவிடும். கறுப்பு தோலின் மேல்தான் இருக்கிறது, ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும், உள்ளே சாற்றுக்கு ஒரு குறையும் கிடையாது. கேரளத்துக்கு லாரி ஏற்றுகிறவருக்கு அதைப் பற்றி என்ன? அவர் தோலின் பளபளப்பைப் பார்த்துத்தான் விலை சொல்வார். மறுநாள் காலையில் எனக்கு போன் வரும். "சார், மரமெல்லாம் கரி அப்பிக் கெடக்கு. ரெண்டு மட்டம் மருந்து அடிச்சாச்சு. அடங்க மாட்டேங்கு."

என்ன மருந்து அடித்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் பூசணக்கொல்லியாக இருக்கும். கரும்பூசணம் என்று பெயர் சொல்லிக் கேட்டதால் கடைக்காரரும் அதையே எடுத்துக் கொடுத்திருப்பார். இந்தப் பூசணம் இலையைத் தின்பதில்லை. இலைமேல் சொட்டிக் காய்ந்த இனிப்பைத் தின்று படர்கிறது. வெயில் படாமல் இலையை மறைத்து மரத்தை நோகச் செய்யுமே தவிர, இலைக்குள் இறங்காது. அந்த இனிப்பு எங்கிருந்து சொட்டியது என்று தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். கரி பிடித்த இலைக்கு நேர் மேலே உள்ள இலையைத் திருப்பினால், அடிப்பக்கத்தில் நடு நரம்பை ஒட்டி வரிசையாகப் பச்சைச் செதில்கள் உட்கார்ந்திருக்கும். பக்கத்திலேயே எறும்புகள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

சிவகிரியிலிருந்து கடையம் வரை, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்துத் தோட்டங்களில் என் வேலைக்காலம் கழிந்தது. முதலில் தோட்டக்கலைத் துறையில் களப்பணியாளன். ஓய்வுக்குப் பிறகு கூப்பிட்ட தோட்டத்துக்குப் போய்ப் பார்த்துச் சொல்கிறவன். சட்டைப்பையில் பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு லென்ஸ், சேஃப்டி பின் ஒன்று, சின்ன நோட்டு. இந்த வேலைக்கு வேறு கருவி வேண்டியதில்லை. செதில் பூச்சி விஷயத்தில் நான் சொல்லக்கூடியது எல்லாம் அந்த ஊக்கின் முனையில் கற்றதுதான்.

பச்சைச் செதிலை முதலில் சொல்கிறேன். எள்ளைவிடச் சற்றுப் பெரியது, தட்டையானது, வெளிர் பச்சை நிறம். லென்ஸை வைத்துப் பார்த்தால் முதுகுத் தோலுக்குள்ளே கறுப்பாக ஒரு கோடு வளைந்து திரும்புவது தெரியும். அது அதன் குடல். முன்பக்க ஓரத்தில் இரண்டு கறுப்புப் புள்ளிகள், அவை கண்கள். இந்த இனத்தில் பெண் பெண்ணையே பெற்றுப் பெருகும். முட்டைகள் தாயின் வயிற்றுக்கு அடியிலேயே இருந்து, அங்கேயே பொரிந்து, குஞ்சுகளாக ஊர்ந்து வெளியே வரும். இலையில் சர்க்கரைச் சாறு ஓடும் குழாய்க்குள் ஊசி வாயை இறக்கி உறிஞ்சுவதுதான் இதன் பிழைப்பு. அந்தச் சாற்றில் சர்க்கரை மிகுதி, புரதம் சொற்பம். வேண்டிய புரதம் கிடைக்க அளவுக்கு மேல் குடித்தாக வேண்டும். குடித்ததில் மிஞ்சும் சர்க்கரையை வெளியே தள்ளியாக வேண்டும். காயின்மேல் படியும் கரி அங்கேதான் தொடங்குகிறது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அதற்குக் கரியும் கிடையாது, எறும்பு ஊர்வலமும் கிடையாது. சிவப்புச் செதில் என்போம். பெயரில் கலிபோர்னியாவைச் சேர்த்துச் சொல்வது உலக வழக்கு, ஆனால் பூர்வீகம் ஆசியாதான். காயின் தோலிலும் சிறு வாதுகளிலும் வட்ட வட்டமாகச் செம்பழுப்பு நிறத்தில் ஒட்டியிருக்கும். நமக்குக் கண்ணில் படும் அந்த வட்டம் பூச்சியின் உடல் இல்லை. மெழுகையும் தான் உரித்த தோல்களையும் சேர்த்து அது கட்டிக்கொண்ட மூடி. ஊக்கின் முனையால் ஓரத்தில் நெம்பினால் மூடி தனியே கழன்று வரும், அடியில் மஞ்சளாக ஒரு உடல் ஒட்டிக்கொண்டிருக்கும். பச்சைச் செதிலை நெம்பினால் பூச்சி முழுதாகக் கையோடு வந்துவிடும். இரண்டையும் பிரித்தறிய இந்த ஒரு சோதனை போதும். சிவப்புச் செதில் சாறு ஓடும் குழாயைத் தொடுவதில்லை, சுற்றியுள்ள செல்களைக் குத்தி உறிஞ்சும். அதனால் இனிப்பு சொட்டாது. இலையில் மஞ்சள் புள்ளி விழும், நுனி வாது காயும், கடைசியில் கொப்பே பட்டுப்போகும். தண்ணீர் பற்றவில்லை என்று நினைத்துக் கூடுதலாகப் பாய்ச்சிக்கொண்டே இருப்பார்கள்.

பிறந்த குஞ்சு ஆறு காலோடு ஊரும். சில மணி நேரம், மிஞ்சினால் ஓரிரு நாள். நல்ல இடம் பார்த்து வாயை இறக்கிவிட்டால் சிவப்புச் செதிலின் பெண்ணுக்குக் கால் என்பதே இல்லாமல் போய்விடும், சாகும்வரை அந்த இடத்தை விட்டு அசையாது. ஆணுக்கு மட்டும் பின்னால் இறக்கை முளைக்கும். வாய் இல்லாத அந்த ஆண் சில மணி நேரம் வாழ்ந்து, பெண்ணைத் தேடிச் சேர்ந்துவிட்டு மடிந்துவிடும். ஆக, இந்தப் பூச்சி இடம் மாறுவது குஞ்சுப் பருவத்தில் மட்டும்தான். தானாக நடந்து எவ்வளவு தூரம் போய்விடும்? செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று அதற்கு வாகனம். காற்றை நேராக வாங்கும் மேற்கு வரிசை மரங்களில்தான் புதுப் பற்று முதலில் தெரிவதை எங்கள் பக்கத்தில் ஆண்டுதோறும் பார்க்கிறேன். பறவைக் காலும், பறிக்கிறவர்களின் சாக்கும், ஏணியும் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

மருந்து என்று ஒன்று வேலை செய்வதும் அந்தக் குஞ்சுப் பருவத்தில்தான். மூடி கட்டிய பிறகு எதை அடித்தாலும் மேலே வழிந்து போகும். எப்போது குஞ்சு ஊர்கிறது என்று தெரிந்துகொள்ள, இருபக்கமும் ஒட்டும் டேப்பைக் கடையில் வாங்கி, செதில் உள்ள வாதில் ஒரு சுற்றுச் சுற்றி வைப்பேன். வாரம் ஒருமுறை கழற்றி லென்ஸில் பார்த்தால் மஞ்சள் துகளாக ஒட்டியிருக்கும் குஞ்சுகளை எண்ணலாம். திடீரென்று பெருகும் வாரம் எதுவோ அதுதான் தெளிப்புக்கு உரிய வாரம். நாள்காட்டியைப் பார்த்து அடிக்கிறவர்கள் பாதி முறை காற்றுக்குத்தான் அடிக்கிறார்கள்.

வாசுதேவநல்லூர் பக்கம் ஒரு அண்ணாச்சியின் தோட்டத்தில் சிவப்புச் செதில் தலைவிரித்தாடியது. நல்ல உழைப்பாளி. துளிர் விடும்போதெல்லாம் இலைத்துளைப்பான் புழு வந்து இலையைச் சுருட்டிவிடுகிறது என்று, ஒவ்வொரு துளிருக்கும் பைரித்திராய்டு மருந்து அடித்து வந்தார். எல்லாரும் செய்வதுதான். போன வருடம் அங்கங்கே தெரிந்த செதில், இந்த வருடம் காய் முழுக்க அப்பிவிட்டது.

நான் போய் இலையிலும் காயிலும் ஊக்கால் நெம்பிக்கொண்டிருந்ததைப் பார்த்து அவருக்குப் பொறுமை போய்விட்டது. "என்ன சார், மருந்து எழுதிக் குடுப்பியன்னு பாத்தா, காயைக் குத்திக்கிட்டு நிக்கிய?"

"அண்ணாச்சி, கிணத்து மேட்டுல நாலு மரம் நிக்கே, அதுக்கும் மருந்து அடிப்பியளா?"

"அதுவரைக்கும் ஓஸ் எட்டாது. அத விட்டுருவோம்."

அந்த நாலு மரத்திலும் செதில் இருந்தது, ஆனால் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு வாதை ஒடித்து வந்து நிழலில் உட்கார்ந்தேன். லென்ஸை அவர் கையில் கொடுத்து, நான் மூடியை நெம்ப நெம்ப அவரைப் பார்க்கச் சொன்னேன். மருந்து அடித்த வரிசையின் செதிலில், மூடியைத் தூக்கியதும் மஞ்சள் உடல் கொழுகொழுவென்று, குத்தினால் நீர் வடிந்தது. கிணற்று மேட்டு வாதில் பல மூடிகளின் மேல் ஊசியால் குத்தியதுபோல் வட்டமாக ஒரு ஓட்டை. திறந்தால் உள்ளே காலி, காய்ந்த தோல் மட்டும். வேறு சில மூடிகளுக்கு அடியில் செதிலின் உடல் சப்பிப்போய்க் கிடந்தது. அதன் பக்கத்தில் மஞ்சளாக ஒரு கூட்டுப்புழு மல்லாந்து கிடந்தது. கண் மட்டும் நிறம் ஏறத் தொடங்கியிருந்தது. சுற்றி நாலைந்து கறுப்புக் குருணைகள், புழு கழித்த எச்சம்.

"இது என்னது சார்?"

குளவி. அஃபைட்டிஸ் என்ற இனம். முழு வளர்ச்சி அடைந்தாலும் ஒரு மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். கொட்டத் தெரியாது. மூடிக்குள் தன் முட்டைக் குழலை நுழைத்துச் செதிலின் உடல்மேல் முட்டை வைத்துவிட்டுப் போகும். பொரிந்த புழு வெளியிலிருந்தே செதிலை உறிஞ்சிக் காலி செய்யும். சில செதில்களை முட்டை வைக்காமல் குத்திச் சாற்றைக் குடித்தும் கொல்லும். நாள் முழுக்க இலைமேல் நடந்து திரிந்து செதில் தேடுவதால், இலைமேல் காய்ந்திருக்கும் மருந்தை முதலில் தொடுவது இந்தக் குளவிதான். செதில் மூடிக்குள் பத்திரமாக இருக்கும். அண்ணாச்சி ஒவ்வொரு துளிருக்கும் தன் தோட்டத்துக் குளவியைக் கொன்று செதிலை வளர்த்துக்கொண்டிருந்தார் என்பதை அந்த ஒடித்த வாது காட்டிவிட்டது. அவர் நெடுநேரம் லென்ஸைத் திருப்பித் தரவில்லை.

இதை வேண்டுமென்றே செய்து காட்டிய ஒருவர் உண்டு. கலிபோர்னியாவில் பால் டீபாக் என்ற பூச்சியியல் அறிஞர் 1940-களில் சில மரங்களுக்கு டிடிடி-யை மெல்லிய அளவில் அடித்துக்கொண்டே வந்தார். அடித்த மரத்தில் சிவப்புச் செதில் எகிறியது, அடிக்காத பக்கத்து மரத்தில் அடங்கிக் கிடந்தது. இயற்கை எதிரிகள் எவ்வளவு வேலை செய்கின்றன என்பதை அளக்க அவர் கையாண்ட முறை அது. அதே டீபாக் 1956, 57 வாக்கில் இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் கொண்டுபோன அஃபைட்டிஸ் மெலினஸ் என்ற குளவிதான் இன்று கலிபோர்னியாவின் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களில் சிவப்புச் செதிலுக்கு முதல் எதிரி. அங்கே அதைப் பெருக்கி விலைக்கு விற்கிறார்கள். பூசணிக்காய் மேல் அரளிச் செதிலை வளர்த்து, அந்தச் செதில்மேல் குளவியை வளர்ப்பது அவர்கள் வழி. நம் பக்கத்துக் குளவியைக் கடல் கடத்திக் கொண்டுபோய் அவர்கள் காசு கொடுத்து வாங்கி விடும்போது, தானாக வந்து வேலை செய்கிறதை நாம் காசு கொடுத்து மருந்து வாங்கிக் கொல்கிறோம். எனக்கு இதில் ஆத்திரம் உண்டு, மறைக்கவில்லை.

செதில் பூச்சியின் கதையே உயிரியல் கட்டுப்பாட்டின் கதை என்று சொல்லலாம். பஞ்சு மெத்தைச் செதில் 1868-இல் கலிபோர்னியாவில் தலைகாட்டியது. பெண்ணின் வாலில் வரிவரியாக வெள்ளைப் பஞ்சுப் பை, அதற்குள் நூற்றுக்கணக்கில் சிவப்பு முட்டைகள். இருபது ஆண்டுக்குள் லாஸ் ஏஞ்சல்ஸ் சுற்றுவட்டாரத்து ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் மரத்தை வெட்டி எரிக்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள். மரத்தைக் கூடாரத்தால் மூடி சயனைடு புகை போடும் முறையை 1886-இல் தொடங்கியது இதற்காகத்தான். 1888-இல் ஆல்பர்ட் கோபிலி என்பவர் ஆஸ்திரேலியாவுக்குப் போய், அங்கே இந்தச் செதிலைத் தின்றுகொண்டிருந்த சிவப்பும் கறுப்புமான ஒரு பொறிவண்டை அனுப்பினார். முதல் சில பார்சல்களில் உயிரோடு வந்து சேர்ந்தவை 129 வண்டுகள். கூடாரம் போட்ட ஒரு ஆரஞ்சு மரத்தில் அவற்றை விட்டார்கள். அடுத்த ஆண்டு முடிவதற்குள் செதில் அடங்கிவிட்டது. ரோடோலியா கார்டினாலிஸ் என்ற அந்த வண்டைப் பிறகு உலகம் முழுக்க வாங்கிக் கொண்டுபோனார்கள். 1946, 47-இல் அதே கலிபோர்னியாத் தோட்டங்களில் டிடிடி அடித்தபோது பொறிவண்டு செத்து, பஞ்சுச் செதில் மறுபடி கிளம்பியது. தோட்டக்காரர்கள் வண்டைத் தேடி அலைந்தார்கள். மருந்து அடித்த வரிசைக்கும் ஓஸ் எட்டாத மேட்டுக்கும் உள்ள அதே வித்தியாசம், மாநில அளவில்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. 1928-இல் நீலகிரியில் சீகை மரங்களில் இதே பஞ்சுச் செதில் பிடித்தது. தோல் பதனிடும் பட்டைக்காக வைத்த ஆஸ்திரேலிய மரங்கள் அவை. அடுத்த சில ஆண்டுகளில் கலிபோர்னியாவிலிருந்து, எகிப்து வழியாக, அதே பொறிவண்டைக் கொண்டுவந்து மலையில் விட்டார்கள். அதற்கும் முன்பே, 1898-இல், காப்பித் தோட்டத்துப் பச்சைச் செதிலுக்காக இன்னொரு ஆஸ்திரேலியப் பொறிவண்டு தென்னிந்தியாவுக்கு வந்திருந்தது. கிரிப்டோலேமஸ் என்பார்கள். பச்சைச் செதிலைவிட மாவுப்பூச்சியைத் தின்பதில்தான் அது கெட்டி. இன்றும் உயிரியல் ஆய்வுக்கூடங்களில் சர்க்கரைப் பூசணிமேல் மாவுப்பூச்சி வளர்த்து இந்த வண்டைப் பெருக்குகிறார்கள்.

இந்த வண்டை விட்ட தோட்டங்களில் எனக்கு ஒரு தொல்லை தீராதது. வண்டு ஆரஞ்சுத் தலையோடு அழகாக இருக்கும், அதை யாரும் தொடுவதில்லை. அதன் புழு உடம்பு முழுக்க வெள்ளை மெழுகு இழை தொங்க, பெரிய மாவுப்பூச்சியாகவே கண்ணுக்குப் படும். "சார், நீங்க விட்ட பூச்சி செத்துப்போச்சு போல, மாவுப்பூச்சி பெருசாயிட்டு" என்று சொல்லி, அந்தப் புழுவுக்கே மருந்து அடித்துவிடுவார்கள். ஒரு குச்சியால் தொட்டுப் பாருங்கள், மாவுப்பூச்சி மெதுவாக நகரும், புழு விறுவிறுவென்று ஓடும் என்று சொல்லிக்கொடுத்தேன். தோட்டத்துக்கு வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் அதைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள்.

நானே கண்ணால் கண்டதில் பெரியது பப்பாளி மாவுப்பூச்சி. செதில் கூட்டத்தின் நெருங்கிய உறவு அது. 2008-இல் கோயம்புத்தூரில் முதலில் தெரிந்தது. பிறகு பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, பருத்தி, வேலியோரச் செடி என்று ஒன்றையும் விடவில்லை. அடிக்காத மருந்து இல்லை. மெழுகுக்குள் இருக்கிற பூச்சிக்கு அது உறைக்கவும் இல்லை. 2010 ஜூலையில் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் பெங்களூருவுக்கு வந்தன. அங்கிருந்து வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் மற்ற நிலையங்களுக்கும் பிரித்துக் கொடுத்துப் பெருக்கினார்கள். அசெரோஃபேகஸ் என்ற ஒன்று மற்ற இரண்டையும்விட நன்றாகப் பிடித்துக்கொண்டது. சின்னக் குப்பிகளில் குளவியை வாங்கிப்போய், நிழலில் மூடியைத் திறந்து வைத்துவிட்டு வந்தோம். மறு பருவத்தில் அதே தோட்டங்களில் மாவுப்பூச்சிக்குப் பதிலாகப் பழுப்பு நிறத்தில் உப்பிச் செத்த ஓடுகள்தான் கிடந்தன. இந்த வேலையில் இருக்கிறவன் வாழ்நாளில் ஒருமுறை பார்த்தாலே பெரிது, அப்படி ஒரு காரியம்.

எறும்பைப் பற்றிப் பேசாமல் செதிலைப் பற்றிப் பேச முடியாது. பச்சைச் செதிலின் இனிப்புக்காக எறும்பு காவல் நிற்கும். பொறிவண்டின் புழுவைக் கடித்துத் தள்ளும், குளவியை இலையில் இறங்க விடாது. எறும்பு மேய்ந்து திரியும் மரத்தில் இனிப்பே சொட்டாத சிவப்புச் செதிலும் கூடுவதைப் பார்க்கிறோம், காரணம் அதேதான்: குளவிக்கு நின்று முட்டை வைக்க நேரமில்லை. அதனால் எந்தத் தோட்டத்திலும் என் முதல் யோசனை மருந்து இருக்காது. தரையைத் தொடும் வாதுகளைத் தூக்கி வெட்டுங்கள், உயரக் களை எடுங்கள், அடிமரத்தில் துணி சுற்றி அதன்மேல் ஒட்டுப்பசை தடவுங்கள். பசையை நேரே பட்டையில் தடவினால் பட்டை வெந்துபோகும். எறும்புக்கு ஏற வழி இல்லாமல் போனால், பொறிவண்டும் குளவியும் தங்கள் பாட்டுக்கு வேலை பார்க்கும்.

முசுறு மட்டும் வேறு கணக்கு. இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் அந்தச் செவ்வெறும்பு இருக்கும் மரத்தில் வண்ணத்துப்பூச்சிப் புழு தங்காது. சீனத்தில் ஆரஞ்சு மரங்களுக்காக முசுறுக் கூடுகளைப் பையோடு சந்தையில் விற்றதை கி.பி. 304-ஆம் ஆண்டு நூல் ஒன்று சொல்கிறது. பூச்சியை வைத்துப் பூச்சியை அடக்கியதற்கு உலகின் மிகப் பழைய சாட்சி அது. அதே முசுறு நம் எலுமிச்சையில் பச்சைச் செதிலையும் வளர்க்கிறது, பறிக்க ஏறுகிற பெண்களின் கையையும் பிடுங்குகிறது. காய்க்கிற மரத்தில் இருந்தால் கூட்டை எடுத்துவிடச் சொல்வேன். கன்றுத் தோட்டத்தில், செதில் இல்லையென்றால், விட்டுவைக்கச் சொல்வேன்.

இவ்வளவுக்குப் பிறகும் தெளிக்க வேண்டிய தோட்டம் வரத்தான் செய்யும். அப்போது எண்ணெய்தான் என் கை மருந்து. எண்ணெய் பூச்சியின் மூச்சுத் துளைகளை அடைத்துக் கொல்கிறது. நஞ்சு அதன் வேலை இல்லை என்பதால் பூச்சி அதற்குப் பழகுவதும் இல்லை. சயனைடு புகைக்கே 1910-களில் சிவப்புச் செதில் பழகத் தொடங்கியதை நினைத்தால் இது சின்ன விஷயம் இல்லை. காய்ந்தபின் இலைமேல் நடக்கும் குளவிக்கும் பெரிய கேடில்லை. மினரல் ஆயில் கிடைத்தால் அது. இல்லையென்றால் லிட்டருக்கு 30 மில்லி வேப்பெண்ணெய், சோப்புக் கரைசலோடு. வேப்பெண்ணெயை நேரே தொட்டித் தண்ணீரில் ஊற்றுகிறவர்கள்தான் அதிகம், அது மேலே மிதந்து கடைசி டேங்கில் மொத்தமாக இறங்கி இலையைப் பொசுக்கும். சோப்பைக் கரைத்து, எண்ணெயை அதில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, பால் நிறம் வரும்வரை அடித்துக் கலக்கி, அதன்பிறகுதான் தண்ணீர். மீன் எண்ணெய் சோப்பு என்றால் லிட்டருக்கு 25 கிராம்.

வெயில் ஏறுவதற்கு முன் முடித்துவிட வேண்டும். முந்தின நாள் தண்ணீர் பாய்ச்சியிருக்க வேண்டும், வாடிய மரத்துக்கு எண்ணெய் ஆகாது. சிலந்திப்பேனுக்குக் கந்தகம் அடித்திருந்தால் ஒரு மாதமாவது கழியட்டும், இரண்டும் சேர்ந்தால் இலையும் பிஞ்சும் உதிர்ந்துவிடும். எல்லாவற்றையும்விட முக்கியம், எண்ணெய் பட்ட பூச்சிதான் சாகும். மேலிருந்து கொண்டையை நனைத்துவிட்டு வருகிற தெளிப்பு வீண். குனிந்து, நாசிலை மேல்நோக்கித் திருப்பி, மரத்துக்குள் கையை விட்டு, இலையின் அடிப்பக்கமும் கவட்டையும் நனைய அடிக்க வேண்டும். கூலிக்கு அடிக்கிறவர் மர எண்ணிக்கைக்குக் காசு வாங்கினால் இது நடக்காது. நாள் கூலி பேசுங்கள் என்று தோட்டக்காரர்களிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

சாரல் காலத்தில் பச்சைச் செதிலுக்கு நாம் எதுவுமே செய்யாமல் ஒரு உதவி வரும். செத்த செதிலைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் படர்ந்திருக்கும். வெர்ட்டிசிலியம் லெக்கானி என்று கடையில் பாக்கெட்டில் விற்கிற பூசணம்தான், ஈரக்காற்று தொடர்ந்து அடித்தால் தானாக வந்துவிடும். அந்த வாரத்தில் பூசணக்கொல்லி அடித்துவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன். கரியைப் பார்த்துப் பூசணக்கொல்லி வாங்குகிறவர், செதிலைக் கொல்லும் பூசணத்தைத்தான் முதலில் கொல்கிறார்.

கவாத்தைப் பற்றி நம் பக்கத்தில் அசட்டை உண்டு. எலுமிச்சையை வெட்டினால் காய் குறையும் என்பார்கள். மத்திய தரைக்கடல் நாடுகளில் ஆலிவ் மரத்துக்கும் எலுமிச்சை இனங்களுக்கும் பொது எதிரியாக ஒரு கறுப்புச் செதில் இருக்கிறது, முதுகில் ஆங்கில ஹெச் எழுத்துப்போல மேடு தட்டியிருக்கும். தென்னாப்பிரிக்கப் பக்கத்திலிருந்து பரவியது. ஒரு தாய் ஆயிரம், இரண்டாயிரம் முட்டை வைக்கும். ஆலிவ் விவசாயி அதற்கு எதிராக முதலில் எடுப்பது கத்தரியைத்தான். மரத்தின் நடுவைத் திறந்து விட்டால், கோடை வெயில் உள்ளே இறங்கி, அப்போதுதான் பொரிந்த குஞ்சுகளைக் காய்ச்சியே கொன்றுவிடுகிறது. அடர்ந்த மரத்துக்குள் நிழலும் ஈரமும் இருந்தால் குஞ்சு அத்தனையும் பிழைக்கும். நம் வெயிலுக்கும் இது பொருந்தும். காய்ந்த வாதையும் குறுக்கே ஓடும் போத்தையும் எடுத்துவிட்டால் காற்றும் வெளிச்சமும் புகும், தெளிக்கிற எண்ணெயும் உள்ளே போகும். வெட்டிய வாதை வரப்பில் குவித்து வைத்தால் குளவி வெளியேறி மரத்துக்குத் திரும்பும், செதில் காய்ந்து சாகும். உடனே எரித்துவிட வேண்டாம்.

மண் ரோட்டை ஒட்டிய வரிசையில் எப்போதும் செதில் கூடுதலாக இருப்பதை நிறையப் பேர் கவனித்திருப்பார்கள். டிராக்டர் போகப் போக இலையில் புழுதி ஏறும். புழுதி ஏறிய இலையில் குளவியால் நடந்து தேட முடியாது. அந்த ஓரத்து வரிசைக்கு மருந்தைக் கூட்டுவதற்குப் பதிலாக, வெறும் தண்ணீரை விசையோடு பீய்ச்சிக் கழுவிவிட்டால் போதும். ரோட்டோரம் ஒரு உயிர்வேலி வைத்தால் இன்னும் நல்லது.

இப்போது என் கவலை நாற்றங்கால்களைப் பற்றியது. மாவட்டத்துக்கு வெளியே இருந்து ஒட்டுக்கன்றுகள் லாரியில் வந்து இறங்குகின்றன. கன்றின் அடித்தண்டில், ஒட்டுக் கட்டிய பிளாஸ்டிக் சுற்றுக்குக் கீழே, செதில் ஒளிந்து வருகிறது. அங்கே வாரம் தவறாமல் மருந்து அடித்து வளர்த்திருப்பதால் கூட ஒரு குளவியும் வருவதில்லை. புது இடத்தில் முதல் ஆறு மாதம் அதற்கு எதிரியே கிடையாது. அண்மையில் கடையத்தில் ஒரு தம்பி இறக்குவதற்கு முன் என்னைக் கூப்பிட்டார். ஊக்கை எடுத்து ஏழெட்டுக் கன்றில் ஒட்டுச் சுற்றைத் தளர்த்திப் பார்த்தோம், உயிருள்ள செதில் இருந்தது, ஓட்டை விழுந்த மூடி ஒன்றுகூட இல்லை. திருப்பி அனுப்ப வண்டிக்காரர் சம்மதிக்கவில்லை. தோட்டத்துக்குள் கொண்டுபோகாமல் வீட்டு முற்றத்தில் நிழல்வலை கட்டி நிறுத்தி வைத்தோம். தண்டையும் இலை அடியையும் எண்ணெய்க் கரைசலில் நனைத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒருமுறை நனைத்து, டேப்பில் குஞ்சு ஒட்டாத வாரம் பார்த்து நடச் சொல்லியிருக்கிறேன். நடும்போது பழைய தோட்டத்திலிருந்து ஓட்டை விழுந்த மூடி உள்ள வாதுகளை ஒடித்து வந்து, புதுக் கன்றுகளுக்கு ஊடே கட்டிவிட வேண்டும். எந்த மரத்தில் ஒடிப்பது என்று அந்தத் தம்பியே லென்ஸ் வாங்கித் தேடிக்கொண்டிருக்கிறார்.